எங்கள் தெருவில் நிலுவைராஜ்

அடுத்த வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. உறையின் மேல் எழுதியிருப்பதை மட்டும் படிப்பேன். ஊரே படிக்கட்டும் என்றுதானே அதை வெளியில் எழுதுகிறார்கள்? அந்தப் பழக்கத்தால் ஒரு மனிதனுக்கு வரவேண்டிய இருபத்தெட்டாயிரம் ரூபாய் கைநழுவிப் போக இருந்தது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் தெரு உண்மையில் ஒரு படிக்கட்டு. கோடைக்கானலில் மாதா கோயிலுக்குக் கீழே தொடங்கி, பஸ் போகிற சாலையில் முடியும். நூற்றுப் பத்துப் படி. கீழேயிருந்து ஏறுகிறவர்களுக்கு என் வாசல் வரும்போது மூச்சு வாங்கும், நிற்பார்கள். நிற்கிறவர்களிடம் எங்கே போய் வருகிறீர்கள், பையில் என்ன என்று கேட்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? தபால்காரர் ஈஸ்வரனுக்கு முழங்கால் தேய்மானம். அதனால் மேல் வீடுகளுக்கு வரும் தபாலையும் என்னிடமே கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். சம்பளம் இல்லாத கிளை அஞ்சலகம் நான்.

எனக்கு மேலே ஐந்தாவது வீடு சிலுவைராஜுடையது. ஒரு பள்ளி விடுதியில் இருபது வருடம் ரொட்டி போட்டவன். அந்த வேலையை விட்டபின், வத்தலக்குண்டில் மூடிய பேக்கரி ஒன்றிலிருந்து பழைய கேஸ் ஓவன் வாங்கி வந்து வீட்டிலேயே கேக் போட்டான். டிசம்பர் வந்தால் மாதா கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவன் வீட்டுக்கும் ஏறுவார்கள். நானும் வருடம் தவறாமல் ஒரு கிலோ வாங்குவேன். ஓரத்தில் கருகியிருக்கிறது, முந்திரியைக் காணோம் என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் வாங்குவேன். குறை சொல்லாமல் வாங்கினால் விலை ஏற்றிவிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில், மைதா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறியவன் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தான். மூட்டை நனையக்கூடாது என்று அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே விழுந்தான். மைதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவனுக்கு இடுப்பில் கம்பி வைத்தார்கள். இடது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. மருத்துவக் குழு ஊனம் அறுபது சதவீதம் என்று எழுதி அட்டை கொடுத்தது.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருபத்தைந்தாயிரம் குறைந்தது. அவன் மனைவி ஃபெமினாவின் அண்ணன் மரியசெல்வம் கொடுத்தார். பஸ் நிலையத்துப் பக்கம் சாக்லேட் கடை வைத்திருக்கிறவர். "வட்டியெல்லாம் வேண்டாம் மாப்ள, நமக்குள்ள என்ன" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, ஓவனை நாலு ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். அதில் அவரே 'வீட்டுத் தயாரிப்பு' என்று சீட்டு ஒட்டிக் கேக் போட்டு விற்றார். அந்தக் கேக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வாங்கிய ஒரு சென்னைக் குடும்பம் குரங்குக்குப் போட்டதையும், அது முகர்ந்து பார்த்துவிட்டு வேர்க்கடலைக்காரரிடம் போனதையும் நான் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதான்.

உதவித்தொகைக்கு எழுதிப் போட்டு, ஒருவழியாக உத்தரவு வந்தது. மாதம் இரண்டாயிரம். விண்ணப்பித்த மாதத்திலிருந்தே அனுமதி. ஆனால் கைக்குப் பணம் வரத் தொடங்கியபோது பதினான்கு மாதம் ஓடியிருந்தது. அந்தப் பதினான்கு மாதத்துப் பணம் இருபத்தெட்டாயிரம் பற்றி உத்தரவின் கடைசி வரியில், 'நிலுவைத் தொகை பின்னர் வழங்கப்படும்' என்று போட்டிருந்தது. இந்தப் 'பின்னர்' என்கிற சொல்லைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாக அரசாங்க வேலையில்தான் இருந்திருப்பார்.

இருபத்தைந்தைக் கொடுத்து ஓவனை மீட்க வேண்டும். மிச்சம் மூவாயிரத்தில் முந்திரி, திராட்சை, சீனி. இதுதான் சிலுவைராஜின் கணக்கு. இதற்காக நாலு முறை கீழே போனான். மலையிலிருந்து சமவெளிக்குப் போவதை நாங்கள் 'கீழே' என்றுதான் சொல்வோம். வெள்ளனே எழுந்து முதல் பஸ்; மடங்காத காலை இருக்கைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டு, அதில் தடுக்குகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூன்று மணி நேரம். உதவித்தொகை அலுவலகத்தில் ஜெயபிரகாஷ் என்று ஒரு எழுத்தர். நல்ல மாதிரி. "வந்துரும் சார்" என்பார். இவனும் "சரிங்க" என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவான். என்றைக்கு வரும் என்று ஒரு தடவையாவது கேட்டானா? இல்லை. கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்குமாம்.

போன செப்டம்பர் கடைசியில் மரியசெல்வம் படியேறி வந்தார். என் வாசலில் நின்று மூச்சு வாங்கியபோதே முகம் சரியில்லை. மேலே போனவர் சத்தமாகப் பேசினார். அவர் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். நான் காய்ந்த துணியை எடுக்க வெளியே வந்தது தற்செயல்.

"மாப்ள, ஒரு ரிசார்ட்காரரு ஓவனுக்கு நாப்பது தர்றேங்குறாரு. ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டாரு. நா எத்தன நாள் சாக்குச் சொல்றது?"

"பணம் வந்துரும் மச்சான். சாங்ஷன் ஆயிருச்சு."

"போன கிறிஸ்துமஸுக்கும் இதத்தான சொன்ன. கல்லறைத் திருநாள் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல எம்மேல வருத்தப்படக்கூடாது."

ஃபெமினா கேட்டாள்: "ஏண்ணே, இருபத்தஞ்சு குடுத்துட்டு நாப்பதுக்கு விப்பியா?"

"மேக்கொண்டு பதினஞ்ச ஒங்களுக்கே தர்றேம்மா. நா என்ன தின்னுட்டுப் போகவா போறேன்?"

"எங்களுக்குப் பதினஞ்சாயிரம் வேணாம். அத வச்சு கேக்கு வேகுமா?"

நல்ல கேள்வி. அவர் காப்பியைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். ஓவன் போய்விட்டால் சிலுவைராஜுக்கு வேறு தொழில் இல்லை. இந்தக் காலை வைத்துக்கொண்டு இந்தப் படியில் வேறு என்ன சோலி பார்க்க முடியும்?

இரண்டு நாள் கழித்து அந்தக் கடிதம் வந்தது. பழுப்பு உறை, மேலே அரசு முத்திரை. ஈஸ்வரன், "மேல் வீட்டுக்குக்கா" என்று கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். என் கண்ணாடி உள்ளே இருந்தது. கையை நீட்டி, உறையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். 'நிலுவை' என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேல் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. எங்கள் தெருவில் அந்தச் சொல் பழுப்பு உறையில் வந்தால் ஒரே அர்த்தம்தான்: தண்ணீர் வரி பாக்கி.

ஃபெமினாவைக் கூப்பிட்டு ரகசியமாகக் கொடுத்தேன். பார்த்தவுடன் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு அரையாண்டு கட்டலக்கா. பைப்ப வெட்டிருவாங்களா?"

"பிரிக்காத. பிரிச்சாத்தான் வாங்கிக்கிட்டதா கணக்கு. பிரிக்காம இருந்தா நாளைக்குக் கேட்டா சொல்லலாம், வந்து சேரலன்னு."

இதை யார் எனக்குச் சொன்னார்கள் என்று இப்போது நினைவில்லை. ஆனால் தெருவில் எல்லோரும் நம்புகிற சட்டம் இது. எத்தனையோ நோட்டீஸ்கள் பிரிக்கப்படாமலேயே பல வீடுகளில் மக்கிக் கிடக்கின்றன.

"அவருகிட்ட சொல்லாதீங்கக்கா. ஏற்கெனவே ஓவன நெனச்சு ராத்திரி தூங்க மாட்டேங்குறாரு."

"நா யாருகிட்டச் சொல்லப்போறேன்?"

அவள் உறையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஏறினாள். நான் கீழ் வீட்டுச் சோலையம்மாளிடம் மட்டும் சொன்னேன். சோலையம்மாள் ஆடலூர்ப் பக்கத்தவள்; காட்டில் தேனும் கடுக்காயும் பொறுக்கிய குடும்பம். இப்போது சாலையோரம் அவகேடோ விற்கிறாள். அவளிடம் சொல்வது கிணற்றில் போடுவது மாதிரி என்று நினைத்தேன். ஆனால் அவகேடோ வாங்க வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள் என்பதை மறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள், சிலுவைராஜ் அரசாங்கத்துக்கு இருபதாயிரம் கட்ட வேண்டுமாம் என்று என்னிடமே ஒருத்தர் வந்து சொன்னார். நான் தொகையே சொல்லவில்லை.

அக்டோபர் பாதியில் சிலுவைராஜ் ஐந்தாவது முறையாகக் கீழே போனான். சாயங்காலம் திரும்பி வந்து என் வாசலில் நின்றான். தூறலில் தலை நனைந்திருந்தது.

"என்னப்பா சொன்னாரு ஜெயபிரகாஷ்?"

"எம்பேருல ஒண்ணும் பாக்கி இல்லையாங்கக்கா. லிஸ்ட்ட மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. சிலுவைராஜுன்னு யாருமே இல்லையாம்."

"அப்ப பணம்?"

"மறுபடி எழுதிக் குடுக்கச் சொன்னாரு. புதுசா வரணும்னா மார்ச்சு ஆகுமாம்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஓவன் போனதுதாங்கக்கா. விடுங்க. இன்னொரு விசயம் கேக்கணும். நம்ம தெருவுல நிலுவைராஜுன்னு யாராச்சும் இருக்காங்களா?"

"யாரு?"

"நிலுவைராஜு. அவருக்குப் பணம் பேங்க்ல ஏறாம திரும்பி வந்து கெடக்காம். லெட்டர் போட்டு இருவது நாளாச்சு, ஆளையே காணோம்கிறாரு. முப்பது நாள்ல வரலன்னா பணம் அரசாங்கத்துக்கே போயிருமாம். நம்ம தெரு அட்ரஸ்தான். பாத்தா வெரசா வரச் சொல்லுங்கன்னாரு. பாவம், அந்த மனுசனும் நம்மள மாதிரித்தான எங்கியோ கால இழுத்துக்கிட்டுக் கெடப்பாரு?"

எனக்கும் அப்போது உறைக்கவில்லை. யோசித்துப் பார்த்து, அப்படி யாரும் இல்லை என்றேன். இந்தத் தெருவில் எனக்குத் தெரியாத ஆளா?

அவன் அத்தோடு விட்டிருக்கலாம். தன் பணம் மார்ச்சுக்குப் போய்விட்ட துக்கத்தில் போர்த்திப் படுத்திருக்கலாம். மறுநாளும் அதற்கடுத்த நாள் காலையிலும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, நூற்றுப் பத்துப் படியிலும் வீடு வீடாக நிலுவைராஜைத் தேடினான். தெருவே தேடலில் இறங்கிவிட்டது. மேல் வீட்டில் வாடகைக்கு வந்த குதிரைக்காரராக இருக்கும் என்றார் ஒருவர். அவர் பெயர் வேலன். இரண்டு காலும் நன்றாக இருக்கிறது. பழைய வாடகைக்காரர் யாராவது இருக்கும் என்றார் இன்னொருவர்.

சோலையம்மாள்தான், "இப்படியும் ஒரு பேரு வைப்பாங்களா? பெத்தவங்க யாருக்கிட்ட எவ்வளவு கடன் வாங்கியிருந்தாங்களோ!" என்றாள். படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தேடி ஓய்ந்து வந்த சிலுவைராஜைப் பார்த்து, "ஏலே, பேசாம நீயே நிலுவைராஜுன்னு சொல்லிட்டுப் போயி வாங்கிக்கயேன். பேரு பாதி ஒண்ணாத்தான இருக்கு" என்றாள்.

"அடுத்தவன் காசு சோலையக்கா, அது பாவம்" என்றான் அவன்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பேரு பாதி ஒண்ணாத்தான இருக்கு. பழுப்பு உறையும், அதன் மேல் நான் படித்த ஒரே சொல்லும் கண் முன்னால் வந்து நின்றன. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று எழுத்து இருந்தது மாதிரியும் இருந்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். நான் பேச்சை நிறுத்தியதை அங்கிருந்த அத்தனை பேரும் கவனித்தார்கள் என்று சோலையம்மாள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

நேராக ஃபெமினாவிடம் போனேன். இந்தத் தடவை கண்ணாடியோடு.

"அந்த உறை எங்க?"

"எந்த உறை?" என்று அவள் கண்ணால் ஜாடை காட்டினாள். சிலுவைராஜ் பின்னாலேயே ஏறி வந்துகொண்டிருந்தான்.

"ஜாடையெல்லாம் வேணாம். எடு வெளிய."

நாற்காலி போட்டு ஏறி, பரண்மேல் கவிழ்த்து வைத்திருந்த கேக் டின்களில் அடியில் இருந்ததைத் திறந்தாள். ஓவன் இல்லாத வீட்டில் அதை யாரும் தொடமாட்டார்கள் என்று அங்கே ஒளித்திருக்கிறாள். ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் பார்த்தேன். பெறுநர்: திரு. நிலுவைராஜ். கதவு எண் அவர்களுடையது.

சிலுவைராஜ் வாங்கிப் பார்த்தான். நாலைந்து தடவை பார்த்தான். "இவருக்கு நம்ம வீட்டு நம்பரா?" என்று கேட்டான். கடவுளே, அப்போதும் அவனுக்குப் புரியவில்லை.

"ஏம்ப்பா, அது நீதாம்ப்பா!" என்று கத்தினேன். "'சி' போட வேண்டிய எடத்துல 'நி' போட்டுட்டான். நீ ரெண்டு நாளா ஒன்னையத்தான் தேடிட்டுத் திரியுற!"

ஃபெமினா உறையைப் பிரித்தாள். உள்ளே எல்லாம் இருந்தது: இருபத்தெட்டாயிரம், பதினான்கு மாதம், வங்கிக் கணக்கில் பெயர் பொருந்தாததால் தொகை திரும்பிவிட்டது, கடிதத் தேதியிலிருந்து முப்பது நாட்களுக்குள் உரிய சான்றுகளுடன் நேரில் வரவும். எண்ணிப் பார்த்தோம். எட்டு நாள் மிச்சம்.

சிலுவைராஜ் கட்டிலில் உட்கார்ந்தான். "ஏன் ஃபெமினா எங்கிட்டச் சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பரணைப் பார்த்தேன்.

"நாந்தாம்ப்பா பிரிக்க வேணாம்னேன்" என்று கடைசியில் நானே சொன்னேன். "தண்ணி வரின்னு நெனச்சேன்."

அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "பரவால்லக்கா, தண்ணி வரியும் கட்டாமத்தான் இருக்கு" என்றான். இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி நிம்மதியாக வம்பு பேசுவது?

அலுவலகத்துக்குப் போன் போட்டோம். எதிர்முனையில் ஜெயபிரகாஷ் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, மாதப் பணம் ஆதார் எண்ணை வைத்துக் கம்ப்யூட்டரே போடுவதால் அதில் தப்பு வராது என்றும், பாக்கிப் பட்டியல் மட்டும் கையால் அடிப்பது என்றும் விளக்கினார். "நாள் பூரா நிலுவை, நிலுவைன்னு அடிக்கிற கை சார். உங்க பேரு வரும்போதும் அதுவா அடிச்சிருச்சு." சிலுவைராஜும் நிலுவைராஜும் ஒரே ஆள்தான் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி வந்தால், பணம் தயாராக இருக்கிறது, பெயரை மாற்றி அனுப்பிவிடலாம் என்றார்.

வி.ஏ.ஓ. ரம்யா கன்னிவாடிக்காரப் பெண். வெயிலில் வளர்ந்தவள், எங்கள் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டரும் அதன் மேல் ஒரு சால்வையும் போட்டிருப்பாள். நேரில் விசாரிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள் என்று பெயர். மறுநாள் படியேறி வந்தாள். சாட்சிக்கு நானும் சோலையம்மாளும்.

"இவர நிலுவைராஜ்னும் கூப்பிடுவீங்களா?"

"கூப்பிடுவோங்க" என்றேன்.

"நெசமாவா?"

எனக்குப் பதிலாகத் தெருவே பதில் சொன்னது. முந்தின நாள் மத்தியானத்துக்குள் கதை நூற்றுப் பத்துப் படியும் போய்ச் சேர்ந்திருந்தது. நான் யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை, ஏறி இறங்கியவர்களிடம் மட்டும்தான். அந்தச் சமயம் பார்த்துக் குதிரைக்கார வேலன் மேலேயிருந்து இறங்கியவர், "என்ன நிலுவை, காசு வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனார். பின்னாலேயே மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை, "நிலுவைராஜண்ணே, ஸ்தோத்திரம்!" என்று போனார்.

ரம்யா பேனாவைத் திறந்தாள். பிறகு மூடினாள். "எத்தன நாளா இப்படிக் கூப்பிடுறீங்க?"

"கொஞ்ச நாளாங்க."

"கொஞ்ச நாள்னா?"

சோலையம்மாளுக்குப் பொய் வராது. "நேத்து மத்தியானத்துலருந்துங்க" என்றாள்.

எனக்கு அவளை அவகேடோ கூடையோடு உருட்டிவிடலாம் போல இருந்தது. ரம்யா சால்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிலுவைராஜின் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், அந்தக் கடிதம், கதவு எண் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தாள். "கூப்பிடுறாங்களா இல்லையான்னுதான் நா எழுதணும். எப்பலருந்துன்னு ஃபாரத்துல எடமே இல்ல" என்று சொல்லி, 'மேற்படி இருவரும் ஒருவரே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சான்றோடு அவன் கீழே போனபோது நானும் கூடப் போனேன். பாவம், தனியாக எப்படிப் போவான் என்றுதான். அந்த அலுவலகம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. வளைவுகளில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அவன்தான் எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தான்.

ஜெயபிரகாஷ் எழுந்து நின்று வரவேற்றார். "அன்னைக்கு ஒங்ககிட்டயே அவரத் தேடச் சொன்னேன்ல சார்?"

"ஆமாங்க. தேடினேன். கெடச்சுட்டாருங்க" என்றான் சிலுவைராஜ்.

அலுவலகம் முழுக்கச் சிரித்தது. இவனுக்கு இப்படிக்கூடப் பேச வருமா என்று நான் திரும்பிப் பார்த்தேன். இன்னும் முடியவில்லை. "என்னைக்கு வருங்க?" என்று கேட்டான். ஆறு முறை வந்ததில் முதல் முறையாகக் கேட்டான்.

"ஒரு வாரம், பத்து நாள்..."

"கல்லறைத் திருநாளைக்கு முன்னாடி வேணுங்க. தேதி சொல்லுங்க. நா இங்கனயே உக்காந்திருக்கேன்."

நீட்டிய காலோடு அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தால் வேறு யாரும் அந்த அறைக்குள் நடமாட முடியாது. ஜெயபிரகாஷ் காகிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து வந்து, புதன்கிழமை என்றார்.

புதன்கிழமை வரவில்லை, வியாழக்கிழமை வந்தது. அரசாங்கக் கணக்கில் அது புதன்கிழமை மாதிரிதான். போனில் செய்தி வந்ததும் ஃபெமினா மேலேயிருந்து, "அக்கா! ஏறிருச்சுக்கா!" என்று போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைக்கத் தொடங்கி அரை மணி நேரம் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமையே மரியசெல்வம் கடைக்குப் போனார்கள். எனக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் பூண்டு வாங்க வேண்டியிருந்தது. சிலுவைராஜ் இருபத்தைந்தாயிரத்தைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். மரியசெல்வம் எண்ணினார். எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார். முகத்தில் பணம் வந்த மகிழ்ச்சியே இல்லை.

"என்னண்ணே, கொறையுதா?" என்றாள் ஃபெமினா.

"கொறையல. இல்ல மாப்ள... இந்த வருசத்துக்கு நா முப்பது கிலோவுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன். ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரரு. நீ வர மாட்டேன்னு நெனச்சிட்டேன்."

"ரிசார்ட்காரருக்கு வித்திருந்தா அந்த முப்பது கிலோவ எதுல போட்டிருப்ப?" என்று கேட்டாள் தங்கை. அவர் விட்டத்தைப் பார்த்தார். அங்கே ரிசார்ட்காரர் இல்லை. அப்படி ஒருவர் எங்கேயுமே இல்லையோ என்று எனக்கு அன்றிலிருந்து ஒரு சந்தேகம். பணம் கேட்க வெட்கப்பட்டு மனுசர் கற்பனையில் உண்டாக்கிய ஆளாக இருக்கலாம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

"ஓவன எடுத்துட்டுப் போ. ஆனா அந்த முப்பதையும் நீயே போட்டுக் குடுத்துரு மாப்ள. போன வருசம் எங்கிட்ட வாங்குன இன்னொருத்தரு, ஒங் கேக்கு வேணாம், ஒம் மாப்ள கேக்குன்னாத்தான்னுட்டாரு."

சிலுவைராஜ் யோசித்தான். எங்கே வழக்கம் போல ஓசியிலேயே ஒத்துக்கொள்வானோ என்று எனக்குப் பதறியது; பூண்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"கிலோவுக்கு எழுநூறு மச்சான். சாமான் ஒங்களுது இல்ல, என்னுது. அட்வான்ஸ இப்பவே குடுத்துருங்க."

மரியசெல்வம் எண்ணி வைத்த கட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

ஓவன் சனிக்கிழமை ஏறியது. நாலு பேர், தோளில் கம்பு கட்டி, படிக்குப் படி நின்று. மரியசெல்வமும் ஒரு மூலையைப் பிடித்தார். அவர் பிடித்த மூலைதான் எல்லா இடத்திலும் தாழ்ந்து வந்தது. மழையில் நிலை உப்பிப்போனதால், வெளியே போன ஓவன் திரும்ப வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றி, நிலையில் கொஞ்சம் செதுக்கி உள்ளே தள்ளினார்கள். சிலுவைராஜ் அதன் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். மரியசெல்வம் கொண்டுபோன நாளிலிருந்து அதைத் துடைக்கவே இல்லை என்பது வெளியில் நின்ற எனக்கே தெரிந்தது. ஃபெமினா வெந்நீரும் சோடாவும் கொண்டு வந்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை தேய்த்தார்கள். நடுவில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். என்னவென்று கேட்கவில்லை. எனக்கும் இங்கிதம் உண்டு. தவிர, தேய்க்கிற சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை.

இப்போது அவர்கள் வீட்டு மேசையில் எட்டுக் கிலோ உலர்பழம் நறுக்கக் கிடக்கிறது. சாயங்காலமானால் நான், சோலையம்மாள், மேல் வீட்டு இரண்டு பெண்கள், கோயிலில் பூ வைக்கிற பூங்கொடி எல்லோரும் ஆளுக்கொரு கத்தியோடு போய்ச் சுற்றி உட்கார்கிறோம். அவன் அடுப்படியில் நின்று கேக்கின் நிறத்துக்காகச் சீனியைக் கருக்குகிறான். பொடியாக நறுக்குங்கள் என்று எங்களை அதட்டக்கூடச் செய்கிறான். நேற்று வி.ஏ.ஓ. ரம்யாவும் வந்து, சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஆரஞ்சுத் தோல் நறுக்கினாள். கன்னிவாடியில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம். பையனுக்கு மலைக்கு வர இஷ்டமில்லையாம். நறுக்குவதற்குக் கூலி என்று ஒன்றும் கிடையாது, என் ஒரு கிலோவுக்குக்கூட முழு விலை, பாதி முன்பணம் என்று ஃபெமினா நோட்டில் எழுதி வாங்கிவிட்டாள். இருந்தாலும் நாளைக்கும் நான் முதல் ஆளாகப் போய்விடுவேன். அந்தப் பையன் ஏன் வரமாட்டேன் என்கிறான் என்கிற கதை பாதியில் நிற்கிறது.